மழைப் பள்ளத்தாக்கில் ஓர் ஆற்றுப்படை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



இன்றைய உரை பத்துப்பாட்டிலே பத்தாவதாக வைத்து எண்ணப்படும் மலைபடுகடாத்தைப் பற்றியது என்று தொடங்கினால், உங்களிற் சிலர் வானொலியை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடக்கூடும். அது உங்கள் குற்றமன்று. என் போன்ற ஆசிரியர்களின் குற்றம். “பாடியவர் பெருங்கௌசிகனார், பாட்டுடைத் தலைவன் நன்னன், அடிகள் 583, மறுபெயர் கூத்தராற்றுப்படை” என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகள் அதைக் கொப்பியில் இறக்கியதும் அடுத்த நூலுக்குத் தாவிவிடுகிறோம். பதினெட்டு வருடங்களாக நானும் அதையே செய்துவந்தேன். 2024 ஆம் ஆண்டு தை மாதத்தில், மலைகளுக்கு நடுவே நான்கு நாட்கள் மழையில் நனைந்து நடந்த பின்னர்தான், அந்தப் பாட்டை நான் உண்மையில் வாசித்திருக்கவேயில்லை என்பது எனக்கு உறைத்தது.

நடந்த இடம் நம் நாட்டு மலையன்று. நியூசிலாந்தின் தெற்குத் தீவிலே, தென்மேற்கு மூலையில் ஃபியோட்லாந்து என்றொரு பிரதேசம் இருக்கிறது. அங்கே மில்ஃபோட் ட்ராக் என்பது பெயர்பெற்ற நடைபாதை. நீளம் 53.5 கிலோமீற்றர். டே அனாவ் என்னும் பெரிய ஏரியின் தலைப்பிலே படகு நம்மை இறக்கிவிடும். அங்கிருந்து கிளின்ரன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே மேலேறி, 1,154 மீற்றர் உயரமான மக்கின்னன் கணவாயைக் கடந்து, ஆதர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கிக் கடலோரம் சேரவேண்டும். இடையிலே மூன்று இரவுகள். கூடாரம் அடிக்கக் கூடாது. ஒவ்வோர் இரவுக்கும் ஒரு ‘ஹட்’. திரும்பி நடக்க அனுமதியில்லை. எல்லோரும் ஒரே திசையில்தான் போகவேண்டும்.

இந்த ‘ஹட்’ என்பதை எப்படித் தமிழாக்குவது? குடிசை என்றால் பிழை. குடில் என்றால் முனிவர் வந்துவிடுவார். நம்மூரிலே வழிப்போக்கர் தங்குவதற்கென்று தெருவோரத்தில் கட்டிவைத்தார்களே, மடம், அதுதான் பொருத்தமான சொல் என்று எனக்குப் படுகிறது. பருத்தித்துறையில் தெருவையே மூடிக் கட்டிய தெருமூடிமடம் இன்றும் நிற்கிறது. பக்கத்தில் பாரத்தை இறக்கிவைக்கச் சுமைதாங்கி, மாடு முதுகுரஞ்ச ஆவுரஞ்சிக்கல், தண்ணீர் குடிக்கக் கேணி. ஆகவே இந்த உரையில் நான் மடம் என்றே சொல்லிப் போகிறேன்.

என்னை அங்கே இழுத்துச் சென்றவர் என் அண்ணர். நெடுங்காலமாக நியூசிலாந்தில் இருக்கிறார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அந்தப் பாதையில் தனித்து நடப்போருக்கு ஒரு நாளைக்கு நாற்பது இடந்தான். முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுமாம். அண்ணரும் அவர் சிநேகிதர் ஒருவரும் எடுத்து வைத்திருந்தார்கள். சிநேகிதருக்கு முழங்கால் வருத்தம் வந்து, அந்த இடம் எனக்குக் கிடைத்தது. செய்தி கேட்ட என் சக ஆசிரியர் ஒருவர், “மழையில நனையிறதுக்கு லீவும் போட்டுக் காசும் குடுத்துப் போறீரோ?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை.

மழையைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்டுக்குப் பெய்வது சராசரியாக 1,250 மில்லிமீற்றர் அளவில். மில்ஃபோட் பகுதியில் பெய்வதோ 6,000 மில்லிமீற்றருக்கும் மேல். தஸ்மன் கடலைத் தடவி வரும் மேல்காற்று நீரைச் சுமந்துகொண்டு நேரே மலையிலே மோதுகிறது. ஏற முடியாமல் பாரத்தை இறக்குகிறது. ஆனால் அந்த மலைக்கு நீரைப் பிடித்து வைக்கும் குணம் இல்லை. கருங்கல்லின் மேலே பாசியும் கொஞ்ச மண்ணுந்தான். ஆகவே பெய்த நீர் உடனே கீழே வந்துவிடுகிறது. ஒரு மணித்தியாலத்தில் ஓடை ஆறாகும். மழை விட்டுச் சில மணித்தியாலத்தில் ஆறு மறுபடி ஓடையாகும். மரங்களுக்கும் ஆழ வேரூன்ற மண் இல்லாததால் ஒன்றின் வேரை ஒன்று பின்னிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்று சரிந்தால் பக்கத்து மரங்களையும் இழுத்துக்கொண்டு ஒரு தோப்பே மலைச்சரிவில் வழுகி இறங்கும். மலைச்சுவரிலே அப்படி உரிந்த இடங்கள் தழும்புபோலத் தெரிகின்றன. பாறையில் மறுபடி பாசி பிடித்து, பாசியில் செடி பிடித்து, காடு திரும்ப நெடுங்காலம் ஆகும்.

முதல்நாள் நடை ஐந்து கிலோமீற்றர் மாத்திரம். பாசி போர்த்த மரங்களுக்கிடையே சமதரை. நான் பெரிய வீரன்போல நடந்தேன். அன்றிரவு கிளின்ரன் மடத்தில், தகரக் கூரையில் மழை தொடங்கிற்று. தொடங்கியது நிற்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் பள்ளத்தாக்கைப் பார்த்தபோது நான் அசையாமல் நின்றுவிட்டேன். இரு மருங்கும் ஆயிரம் மீற்றருக்கு மேலே நிமிர்ந்த கற்சுவர். முந்தின நாள் வெறும் பாறையாக இருந்த அந்தச் சுவர்களில் இப்போது வெள்ளை வெள்ளையாக அருவிகள். எண்ணத் தொடங்கி அறுபதுக்கு மேலே விட்டுவிட்டேன். சில அருவிகள் பாதி வழி இறங்கியதும் காற்று அடித்து மேல்நோக்கிப் போயின. இது கற்பனையன்று, கண்ணாற் கண்டது. கண்ணை விடக் காதுக்குத்தான் அன்று வேலை. தூரத்து அருவியின் முழக்கம், கிட்டத்து ஓடையின் சலசலப்பு, ஆற்றின் அடியிலே கல் உருளும் இடியோசை, மழைக்கோட்டின் தலைமூடியில் துளி விழும் சத்தம்.

அந்த இடத்திலேதான் நூலின் பெயர் எனக்கு ஞாபகம் வந்தது. மலையை ஒரு யானையாகக் கண்டு, அதிலே பிறக்கும் பல ஓசைகளையும் அந்த யானையின் மதமாகக் கண்டவர் பெருங்கௌசிகனார். மலைபடு கடாம். அருவியோசை, யானையின் பிளிறல், கரும்பாலையின் இரைச்சல் என்று அவர் ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் போகிறார். புலி பாய்ந்து மார்பிலே காயப்பட்ட கணவனின் புண் ஆற வேண்டுமென்று மனைவி பாடும் பாட்டும் அவற்றுள் ஒன்று. இந்தப் பட்டியலை வகுப்பிலே நான் “வருணனை” என்று ஒரு சொல்லில் கடந்து போயிருக்கிறேன். அது வருணனையன்று. அடர்ந்த மலையில், மேகமும் மழையும் கண்ணை மறைக்கும்போது, நடப்பவன் ஓசையைக் கொண்டே இடம் அறிகிறான். எந்தப் பக்கம் நீர், எவ்வளவு தூரம், எங்கே மனிதர் இருக்கிறார்கள் என்பதெல்லாம் காதுவழியே வந்துசேரும் செய்திகள்.

நண்பகலளவில் பாதை நீருக்குள் போய்விட்டது. வழியடையாளக் கம்பங்கள் மாத்திரம் தெரிந்தன. நீர் முழங்காலுக்கு ஏறியது. ஈரக்கல்லில் ஒருமுறை வழுக்கி நான் முதுகுப் பையோடு மல்லாந்து விழுந்தேன். பை பாரமாதலால் ஆமைபோலக் கிடந்து கையைக் காலை ஆட்டினேன். அண்ணர் சிரிக்காமல் தூக்கிவிட்டார். பிறகுதான் சிரித்தார். இதற்கும் பாட்டிலே இடமிருக்கிறது. வழுவழுத்த பாசி மூடிய வழியில் கால் தளரும் என்றும், அங்கே பக்கத்தில் முளைத்த சிறு மூங்கிலையும் கொறுக்கந்தண்டையும் பற்றிக்கொண்டு கடந்து போங்கள் என்றும் சொல்லி வைத்திருக்கிறார் புலவர். அவர் வழுக்கி விழுந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

ஓரிடத்தில் குறுக்கோடை பெருகி ஓடிக்கொண்டிருந்தது. மடத்துக் காவலராகிய இளம்பெண் ஒருவர் முன்கூட்டியே அங்கு வந்து நின்று எங்களை மறித்தார். பொறுங்கள் என்றார். சிறிய ஒதுக்கிடம் ஒன்றிலே பதினைந்து பேர் நெருங்கி நின்றோம். அண்ணி சுட்டுத் தந்த தட்டைவடைப் பை அங்கேதான் திறக்கப்பட்டது. பத்து நிமிடத்தில் வெறுமையாயிற்று. இரண்டு மணித்தியாலத்தின் பின் மழை தணிந்தது. ஓடை, கண்முன்னே, ஒரு கல்லாக ஒரு கல்லாகக் காட்டிக்கொண்டு இறங்கியது. ஆளுக்கு ஆள் கைகோத்து ஒரே வரிசையாகக் கடந்தோம். என் வலக்கைப் பக்கம் அண்ணர். இடப்பக்கம் எழுபது வயது தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. அவருடைய பிடி அண்ணரின் பிடியை விட இறுக்கமாக இருந்தது.

அன்றிரவு மின்ராறோ மடத்திலே நாற்பது பேர். மின்சாரம் செருகும் வசதி இல்லை. காஸ் அடுப்புகள், நீண்ட மேசைகள், நடுவிலே ஒரு கணப்பு. அதைச் சுற்றிக் காலுறைகளும் சப்பாத்துகளும் தொங்கி ஆவி விட்டன. அந்த நாற்றத்தை நான் விவரிக்கப் போவதில்லை. சாப்பாட்டுக்குப் பின் காவலர் எழுந்து பேசினார். இது அங்குள்ள வழக்கம்; ஒவ்வொரு மடத்திலும் மாலையில் ஒரு சிறு பேச்சு. நாளைய வழி எப்படியிருக்கும், எங்கே பனிச்சரிவு விழும் இடம், எங்கே தாமதிக்கக் கூடாது, கணவாயில் காற்று அடித்தால் என்ன செய்வது என்று சொன்னார். “கியா என்னும் மலைக்கிளி உங்கள் சப்பாத்தைக் கொத்திக் கிழிக்கும், வெளியே விடாதீர்கள்” என்றார். கடைசியாக, “வழி தவறினால் நடக்காதீர்கள். நின்ற இடத்திலேயே நில்லுங்கள். விசில் ஊதுங்கள். நாங்கள் வருவோம்” என்றார்.

நேயர்களே, எனக்கு உடம்பு சிலிர்த்தது என்று சொன்னால் நம்புங்கள். மலைபடுகடாத்தில் இதே அறிவுறுத்தல் இருக்கிறது. குறவரே திகைத்துப் போகும் குன்றத்தில் நீங்கள் அகப்பட்டுக்கொண்டால், மேலே நடப்பதை விடுங்கள். அகன்ற பாறையில் எல்லோரும் ஒன்றாகக் கூடியிருந்து உங்கள் வாத்தியங்களை இசையுங்கள். காட்டைக் காத்து அங்கு வாழும் கானவர் அதைக் கேட்டு விரைந்து வந்து உதவுவார்கள். எப்படி விரைந்து வருவார்களாம்? துறையிலே கால் தவறி வெள்ளத்தில் அகப்பட்டவர் கூக்குரலுக்கு ஓடிவருவதுபோல. அன்று பகல் அந்த ஓடைக் கரையில் நின்றிருந்த பெண்ணை நினைத்துக்கொண்டேன்.

இரவில் நடக்காதீர்கள், பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், விடிந்தபின் போங்கள். தினைப்புனம் காப்போர் கவண்கல் எறிவார்கள், மரத்தில் மறைந்து போங்கள். பொழுது பட்டால் உங்கள் வீட்டுக்குள் புகுந்தாற்போல மலைக்குகையில் தங்குங்கள். இப்படிப் போகிறது பாட்டு. நன்னனின் புகழ் அதில் உண்டுதான். ஆனால் பாட்டின் பெரும்பகுதி, போய்வந்த ஒருவன் போகப் போகிறவனுக்கு வழியையும் தங்குமிடத்தையும் சொல்லிக் கொடுப்பது. மடத்துக்கு மடம் நடக்கும் மலைவழியின் கையேடு அது. அரசனிடம் பரிசில் பெறுவதை மாத்திரம் பரீட்சைக் கேள்வியாக்கி, நாம் வழியைத் தொலைத்துவிட்டோம்.

இந்த நியூசிலாந்துப் பாதைக்கும் தனக்கென ஓர் இலக்கியக் கதை உண்டு. வெள்ளையருக்கு முன்னரே மாவோரி மக்கள் கரையோரத்துப் பச்சைக்கல்லைச் சுமந்துகொண்டு இந்த மலைகளைக் கடந்திருக்கிறார்கள். 1888 இல் குயின்ரின் மக்கின்னன் என்பவர் மிச்செல் என்ற துணையுடன் கணவாயைக் கண்டு வழி திறந்தார். பின்னர் தாமே பயணிகளை அழைத்துச் சென்று, அவர்களுக்குச் சமைத்தும் போட்டார். 1892 இல் டே அனாவ் ஏரியில் படகுடன் மறைந்தார், உடல் கிடைக்கவில்லை. வழிகாட்டியவனுக்கு அந்த வழியின் தொடக்கத்திலேயே முடிவு. பிறகு பிளான்ச் போஃன் என்ற கவிஞை தம் நடையைக் கட்டுரையாக எழுதி இலண்டன் ‘ஸ்பெக்டேற்றர்’ ஏட்டுக்கு அனுப்பினார். குறிப்பிடத்தக்க ஒரு நடை என்பது அவர் இட்ட அடக்கமான தலைப்பு. ஆசிரியர் அதை உலகின் மிகச் சிறந்த நடை என்று மாற்றி 1908 இல் வெளியிட்டார். இன்றுவரை விளம்பரங்களில் வாழ்வது ஆசிரியரின் தலைப்பே. பத்திரிகைக்கு எழுதுவோர் கவனிக்க!

கதையின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நெடுங்காலம் அந்த வழியில் வழிகாட்டியுடன் பணம் கட்டிப் போவோருக்கே இடம் இருந்தது. 1960களில் ஒட்டாகோ நடைக்கழகத்தார் இது பொதுநிலம், யாரும் நடக்கலாம் என்று கிளர்ந்து, தாமாகவே நடந்து காட்டினார்கள். அதன் பின்னரே எங்களைப் போன்றோர் தங்கிய மடங்கள் எழுந்தன. நம்மூர் மடங்களைப் பற்றி மேலே பெருமையாகச் சொன்னேன். அந்தத் திண்ணைகளில் எல்லோரும் உட்கார முடிந்ததா என்ற கேள்வியை நாம் மனச்சாட்சியோடு கேட்டுக்கொள்ள வேண்டும். கேணியிலே எல்லோரும் தண்ணீர் அள்ள முடியவில்லை என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை.

மடம் இருந்தால் ஆபத்தில்லை என்றும் எண்ணிவிடக்கூடாது. 2020 மாசி 3 ஆம் திகதி பெருமழையின்போது, அயலிலுள்ள ரூட்பேண் பாதையின் ஹௌடன் மடத்தை மண்சரிவு வந்து உடைத்தது. உள்ளே முப்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். உயிரிழப்பு இல்லாதது அதிசயம். பாதைகளில் அகப்பட்டவர்களை ஹெலிகொப்டர் மூலம் எடுத்தார்கள்.

காவலரின் பேச்சு முடிந்து விளக்கு அணைந்தது. கட்டில் அடுக்கில் நான் கீழே, அண்ணர் மேலே. கூரையில் மழை. நித்திரை வரவில்லை. மேலேயிருந்து அண்ணர் மெதுவாகக் கேட்டார்:

“முழிச்சிருக்கிறியே?”

“ஓம் அண்ணை.”

“உனக்கும் அதுதான் ஞாபகம் வருகுதோ?”

எது என்று நான் கேட்கவில்லை.

1995 ஒக்டோபர் 30. எனக்குப் பதின்மூன்று வயது, அவருக்குப் பத்தொன்பது. வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. அன்றும் மழை. செம்மணி வெளியில், நாவற்குழிப் பாலத்தில், ஓர் அடி வைக்க ஒரு மணித்தியாலம். சனங்கள் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீர் ஏந்திப் பிள்ளைகளுக்குப் பருக்கினார்கள். அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி அண்ணர் உருட்டிக்கொண்டு வந்தார். என் தோளிலே ஒரு பை. முன்னாலே எங்கே தங்குவது என்று யாருக்கும் தெரியாது. பின்னாலே வீடு இல்லை. யாரிடமும் வழி கேட்க முடியாது. ஏனென்றால் அந்த வழியாக அப்படி யாரும் அதற்கு முன் போனதில்லை.

பள்ளிக்கூடங்களும் கோயில்களும் நிறைந்துவிட்டன. மறுநாள் மீசாலையில் ஒரு வீட்டு வாசலில் அம்மம்மா இனி முடியாது என்று இருந்துவிட்டா. வீட்டுக்கார அம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தா. ஐம்பது வயதிருக்கும். நம்மூரில் அந்நியர் வாசலுக்கு வந்தால் முதலில் எழும் கேள்வி எது என்று உங்களுக்குத் தெரியும். எந்த ஊர், எந்தப் பகுதி, ஆற்ற பிள்ளையள்? ஊரைக் கேட்பதாகத் தோன்றும், கேட்பது ஊரையன்று. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அம்மா வாயைத் திறந்தா. அந்த அம்மா கேட்கவில்லை. “மழைக்கை நிக்காதேங்கோ, உள்ளுக்கு வாங்கோ” என்றா. அவ்வளவுதான். அன்றிரவு அந்த வீட்டில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் படுத்திருந்தோம். மூன்று கிழமை தங்கினோம்.

பெருங்கௌசிகனார் சொல்கிறார்: மலைநாட்டுச் சிற்றூருக்குப் போனால், வாசலில் நிற்காமல் உங்கள் வீடுபோலப் புகுங்கள்; உரிமையுள்ளவர்கள்போல, கேட்காமலே அவர்களுடன் கலந்துவிடுங்கள்; அவர்கள் உங்கள் களைப்புத் தீர இனிய சொல் சொல்லி, நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் தருவார்கள். இந்தப் பகுதியைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, புலவர் விருந்தோம்பலை மிகைப்படுத்துகிறார் என்று விடைத்தாளில் எழுதிப் புள்ளியும் வாங்கினேன். மீசாலையில் பதின்மூன்று வயதில் படித்துவிட்டதை இருபத்திரண்டு வயதில் மறந்திருந்தேன் போலும்.

“அண்ட மழையும் இதே மழைதான்,” என்றார் அண்ணர். “ஆனா இண்டைக்குப் போகப்போற இடத்தில கட்டில் இருக்கெண்டு தெரியும். அது தெரிஞ்சா மழை மழைதான்ரா.” சிறிது நேரம் பேசாதிருந்து, இத்தனை வருடங்களாக எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். பாலத்தில் நெரிசலில் ஒருமுறை சைக்கிள் சரிந்தபோது அம்மம்மா அவருடைய காதிலே, “என்னை இதிலை இறக்கிவிட்டிட்டு நீங்கள் போங்கோ ராசா” என்றாவாம். அவர் ஒரு கணம் யோசித்தாராம். “ஒரு கணந்தான். ஆனா யோசிச்சனான்.” அதற்காகத்தான் ஒவ்வொரு வருடமும் பாரம் தூக்கிக்கொண்டு மழைக்குள் நடக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அம்மம்மா அடுத்த வருடம் காலமானா. கட்டிலில்தான், எங்கள் நடுவில்தான்.

மூன்றாம் நாள் கணவாயில் ஒன்றும் தெரியவில்லை. முகில். மக்கின்னனுக்குக் கட்டிய நினைவுக் கற்குவியலைக் கையால் தொட்டுத்தான் கண்டோம். உலகத்திலேயே அழகான காட்சி என்று சொல்லப்படும் இடத்தில் நான் கண்டது என் அண்ணரின் முதுகுப் பை மாத்திரமே. இறக்கத்தில் முழங்கால் இரண்டும் கெஞ்சின. 580 மீற்றர் உயரமான சதர்லண்ட் அருவியைப் பார்க்கக் கிளைவழியில் போனோம். அருவியை நெருங்க முடியாதபடி அதன் காற்றே எங்களைத் தள்ளியது. டம்ப்ளிங் மடத்தில் அடித்துப் போட்டாற்போல நித்திரை.

நான்காம் நாள் பதினெட்டு கிலோமீற்றர். வெயில் வந்தது, கூடவே மணல்ஈயும் வந்தது. பாதை முடியும் துறைக்குப் பெயரே மணல்ஈ முனை. இத்தனை அழகான இடத்தில் மனிதர் நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடாது என்று மரண தேவதை அந்த ஈயை விட்டாள் என்பது மாவோரியர் கதை. கடித்த கடியில் கதையை நம்பினேன். இடையிலே ஒரு மரத்தடியில், எங்களுக்கு முன்னால் நடந்த அந்த முதிய பெண்மணி சேறு மூடிய குறுக்குப் பாதை ஒன்றின் வாயிலே இரண்டு தடிகளைக் குறுக்காக வைத்துவிட்டுப் போயிருந்தார். பிழையான வழி, வராதீர்கள் என்று பொருள். மலைபடுகடாத்தில் இதுவும் உண்டு. வழி பிரியும் சந்தியிலே, பின்னால் வருகிற புதியவர்கள் அறியும்படி, புல்லை முடிந்து வையுங்கள் என்கிறார் புலவர். பரிசில் தேடிப் போகும் பசித்த கூத்தனுக்கு, தன் பின்னால் வரப்போகும் முகந்தெரியாத ஒருவனுக்காகக் குனிந்து புல்முடியும் வேலையையும் கொடுத்திருக்கிறார்.

திரும்பி வந்து அடுத்த தவணையில் என் வகுப்பிலே பாட்டை எடுத்தேன். ஆசிரியர், தலைவன், அடி எதுவும் எழுதவில்லை. வழியை வரையச் சொன்னேன். பொறி எங்கே, கவண்கல் எங்கே, வழுக்கல் எங்கே, சோறு எங்கே. முப்பத்தைந்து பேரும் முப்பத்தைந்து விதமாக வரைந்தார்கள். ஒரு பையன் மட்டும், “சேர், அவையள் தங்கின வீட்டுக்காரருக்கு என்ன பேர்?” என்று கேட்டான். பாட்டிலே இல்லை என்றேன்.

அதே ஆண்டு ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு அண்ணர் வந்திருந்தார். நாங்கள் இருவரும் மோட்டார்ச் சைக்கிளில் மீசாலைக்குப் போனோம். மூன்று கிழமை அந்த அம்மாவின் சோற்றை உண்டிருந்தும் அவருடைய பெயரை நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை. எல்லோரும் ‘அம்மா’ என்றே அழைத்தோம். ஒழுங்கையை அண்ணர்தான் கண்டுபிடித்தார். படலை இருந்த இடத்தில் இப்போது கம்பிவேலி. உள்ளே கிணறும் முன்படிக்கட்டும் மிஞ்சியிருந்தன. படிக்கட்டுக்கு மேலே வீடு இல்லை. அயல்வீட்டு முதியவர் வந்து விசாரித்தார். 2000 ஆம் ஆண்டில் தென்மராட்சி மக்களே ஊரைவிட்டு எழும்பியபோது அந்த அம்மாவும் ஒரு பையோடு நடந்து போனா என்றார். திரும்பி வரவில்லை. எந்தப் பக்கம் போனா, யார் வீட்டில் ஒதுங்கினா என்று அவருக்குத் தெரியவில்லை.

அண்ணர் படிக்கட்டில் சிறிது நேரம் இருந்தார். வரும்போது, அந்த முதியவர் எங்களைப் பார்த்து, “தம்பியவை எந்த ஊர்?” என்று கேட்டார். அண்ணர் சொன்னார், “இஞ்சதான் ஐயா. இந்த வீடுதான்.”